டைட்டானியம் சாஃப்ட்-டெயில் ஃபிரேம் ஆர்டர் கொடுக்கப்போகிறேன், வரைபடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கற்பாதை எழுதியது:

நண்பர்களே, வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பல வருடமாக ஸ்டீல் ஹார்ட்டெயில் மலைச் சைக்கிள்தான் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது) ஓட்டுகிறேன். நான் போகும் பாதைகளில் வேரும் சிறு கல்லும்தான் அதிகம், பெரிய டிராப் எதுவும் கிடையாது. ஆனால் நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவேன், அதில் பாதிக்கு மேல் சீட்டில் உட்கார்ந்தபடியே ஏற்றம் மிதிப்பது. மூன்று மணி நேரம் தாண்டிவிட்டால் ஒவ்வொரு வேரும் நேராக இடுப்பில் வந்து இடிக்கிறது. ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கிவிடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இரவல் வாங்கி ஓட்டியும் பார்த்தேன். சொகுசாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மழையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவனுக்குப் பிவட் (பின்பாகம் சுழலும் மூட்டு) பேரிங், லிங்க் போல்ட், ஷாக் சர்வீஸ் என்று வேலை ஓயாது. எனக்கு வேண்டியது பத்துப் பதினைந்து வருடம் கூடவே வரக்கூடிய, ஹார்ட்டெயில் மாதிரி மிதித்த உடனே பாய்கிற, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற வண்டி.

அதனால் டைட்டானியத்தில் சாஃப்ட்-டெயில், அதாவது பிவட் இல்லாமல் குழாயே வளைந்து பின்சக்கரம் கொஞ்சம் ஏறும் ஃபிரேம், செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்து ஒரு பில்டரிடம் பேசியிருக்கிறேன். நான் கேட்டது இதுதான்: 29 அங்குலச் சக்கரம், 2.4 டயர், 120 மி.மீ. ஃபோர்க், ஹெட் ஆங்கிள் (முன் குழாயின் சாய்வு) 67 டிகிரி, சீட் ஆங்கிள் (சீட் குழாயின் சாய்வு) 74.5, பின்னால் 30 மி.மீ. டிராவல் (சக்கரம் ஏறும் தூரம்), 148 பூஸ்ட் ஹப், முன்னால் ஒரே ஒரு 32 பல் சக்கரம், டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கும் தண்டு) வைக்க 31.6 சீட் டியூப், செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுவரை போகும் குழாய்) 425 மி.மீ. வண்டி சட்டென்று திரும்பவேண்டும் என்பதற்காகத்தான் செயின்ஸ்டேயைக் குட்டையாகக் கேட்டேன். பில்டர் வரைபடம் அனுப்பிவிட்டார், ஆனால் "செயின்ஸ்டேயைக் கொஞ்சம் நீட்டினால் நல்லது, யோசித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறார், ஏன் என்று விளக்கவில்லை.

கேட்க நினைப்பவை: செயின்ஸ்டே நீளம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? என் எடை பையோடு சேர்த்து 88 கிலோ, எனவே செயின்ஸ்டேக்குத் தடிமனான சுவர் உள்ள குழாயைப் போடச் சொல்லட்டுமா? 30 மி.மீ.க்குப் பதில் 50 மி.மீ. டிராவல் கேட்டால் என்ன? அப்புறம் எலாஸ்டோமர் (ரப்பர் மாதிரி மெத்தை) போட்ட சாதாரண ஸ்லைடர் (ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய்) போதுமா, இல்லை சின்ன ஏர் ஷாக் போட்டுக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஒற்றைப்பல் எழுதியது:

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது ஓட்டும் ஹார்ட்டெயிலில் என்ன டயர், என்ன காற்று? டியூப்லெஸ் ஆக்கி, 2.4 அல்லது 2.6 டயர் மாட்டி, ரிம்மில் இடிக்காத அளவுக்குக் காற்றைக் குறைத்துப் பார்த்தீர்களா? நீங்கள் சொல்கிற சிறு கல், வேர் நடுக்கத்தில் பெரும்பங்கை டயரே வாங்கிக்கொள்ளும். சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் என்று ஒன்றும் இருக்கிறது, உட்கார்ந்து மிதிக்கிறவருக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டிராப்பர் வேண்டுமென்றால் அது பெரும்பாலும் ஒத்துவராது.

ஃபிரேம் செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை. டயரை மாற்றியும் இடுப்பு வலித்தால் தாராளமாகச் செய்யுங்கள். இவ்வளவு பணமும் காத்திருப்பும் போட்டுச் செய்கிற ஃபிரேமில் டயர் செய்யவேண்டிய வேலையை எதிர்பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.


தீப்பொறி எழுதியது:

கற்பாதை, உங்கள் பில்டர் எழுதிய அந்த ஒரு வரிதான் மொத்த விஷயமே. அவர் விளக்காததை நான் விளக்கப் பார்க்கிறேன். நான் டைட்டானியம் வெல்டிங் செய்கிறவன், சைக்கிள் ஃபிரேமும் செய்திருக்கிறேன்.

சாஃப்ட்-டெயில் என்றால் எல்லோரும் சீட்ஸ்டே (பின்சக்கர அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஏறும் குழாய்) உச்சியில் இருக்கும் அந்தச் சின்ன ஷாக்கைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் அங்கே வேலை செய்கிற உறுப்பு செயின்ஸ்டே. பிவட் கிடையாது அல்லவா, எனவே பின்சக்கரம் மேலே வரவேண்டுமென்றால் செயின்ஸ்டே குழாய்தான் வளையவேண்டும். 430 மி.மீ. நீளத்தில் 30 மி.மீ. ஏறினால் ஏறக்குறைய 4 டிகிரி. கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் ஒரு சவாரியில் எத்தனை ஆயிரம் முறை வளைகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஃபிரேமை வடிவமைக்கும்போது முதலில் செயின்ஸ்டேயை முடிவு செய்யவேண்டும். ஹெட் ஆங்கிள், டிராப்பர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் டைட்டானியம்? அதன் யங் குணகம் (பொருளின் விறைப்பின் அளவு) சுமார் 107 ஜிகாபாஸ்கல், ஸ்டீலுக்கு 205 பக்கம், அலுமினியத்துக்கு 69. அதாவது ஒரே வடிவக் குழாயை ஒரே அளவு வளைத்தால் ஸ்டீலில் எழும் தகைவில் (உலோகத்துக்குள் எழும் இழுவிசை, அழுத்தம்) கிட்டத்தட்ட பாதிதான் டைட்டானியத்தில் எழும். அலுமினியத்தில் அதைவிடவும் குறைவு, ஆனால் அலுமினியத்துக்கு அயர்வு எல்லை என்று ஒன்று கிடையாது, சின்னத் தகைவானாலும் போதுமான தடவை வளைத்தால் விரிசல் விட்டே தீரும். டைட்டானியமும் ஸ்டீலும் அப்படியில்லை, ஒரு அளவுக்குக் கீழே வைத்திருந்தால் நடைமுறையில் காலம் முழுக்கத் தாங்கும். இந்த இரண்டு குணமும் சேர்ந்திருப்பதால்தான் மூட்ஸ் கம்பெனி 1980களிலேயே ஆரம்பித்த ஒய்பிபி ஃபிரேம், ஜான் காஸ்டெல்லானோ வடிவமைத்து ஐபிஸ் செய்த பிவட் இல்லாத பௌ-டை எல்லாம் டைட்டானியத்தோடு அவ்வளவு நன்றாகப் பொருந்தின. கேனண்டேலின் முதல் ஸ்கால்பெல்லும் பின்னால் பிவட் இல்லாமல் வளையும் செயின்ஸ்டே வைத்த வண்டிதான், ஆனால் அங்கே கார்பன் போட்டார்கள்.

இப்போது உங்கள் தடிமன் கேள்வி. இதில்தான் பலரும் தடுமாறுவார்கள், எனவே நிதானமாகப் படியுங்கள். ஒரு முனை இறுக்கப்பட்ட கம்பியின் மறுமுனையைக் குறிப்பிட்ட தூரம் நகர்த்தினால், அடியில் எழும் அதிகபட்சத் தகைவு இப்படி வரும்: மூன்று பெருக்கல் யங் குணகம் பெருக்கல் நகர்ந்த தூரம் பெருக்கல் குழாயின் பாதி உயரம், இதை நீளத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். கவனித்தீர்களா, இதில் சுவரின் தடிமன் எங்குமே இல்லை! எவ்வளவு தூரம் வளையவேண்டும் என்பதை ஷாக் அமுங்கும் நீளம் முடிவு செய்துவிட்டது, எனவே தடிமனான குழாய் போட்டால் வளைக்க அதிக விசை தேவைப்படுமே தவிர உலோகத்தில் தகைவு குறையாது. வண்டி இறுகும், ஆயுள் கூடாது. உங்கள் எடைக்கு ஏற்றபடி மாற்றவேண்டியது ஷாக்கின் ஸ்பிரிங்கை. முன் முக்கோணத்தில் டவுன் டியூபைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், 88 கிலோவுக்கு அது நியாயம். செயின்ஸ்டேயைத் தொடாதீர்கள்.

தகைவைக் குறைப்பது குழாயின் உயரமும் நீளமும்தான். 430 மி.மீ. நீளம், 30 மி.மீ. டிராவல், 22 மி.மீ. உருண்டைக் குழாய் என்று கணக்குப் போட்டால் 570 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த, குளிர்நிலையில் இழுத்துத் தகைவு நீக்கிய கிரேடு 9 குழாய் ஒரு தடவை இரண்டு தடவை இதைத் தாங்கும், ஆனால் தினமும் கொடுக்கக்கூடாத தகைவு இது. அதே குழாயை அழுத்தி உயரத்தை 14 மி.மீ. ஆக்கினால் 365 பக்கம் இறங்கிவிடுகிறது. அதுவும் ஷாக் முழுதாக அடிக்கும்போது மட்டும் வருவது, சாதாரண வேருக்கு அதில் ஒரு பங்குதான். தட்டையாக்கினால் பக்கவாட்டு அகலம் கூடுவதால் திருப்பத்தில் பின்சக்கரம் ஆடாது என்பது கூடுதல் லாபம். ஆனால் தட்டையாக்குவதை நீளமாக, மெதுவாகக் குறைந்துகொண்டே போகிற மாதிரிச் செய்யவேண்டும். ஒரே இடத்தில் நசுக்கினால் வளைவு முழுதும் அந்த இடத்துக்கே போய்ச் சேரும். பி.பி. ஷெல்லோடு (பெடல் அச்சு பொருந்தும் குழாயோடு) சேரும் வெல்டுக்குப் பக்கத்தில் குழாய் முழு உயரத்தோடு இருக்கட்டும், வெல்டைத் தாண்டிய பிறகு தட்டையாகத் தொடங்கட்டும்.

நீளம் வர்க்கமாக வருவதால்தான் பில்டர் நீட்டச் சொல்கிறார். அதோடு இன்னொரு சங்கதியும் உண்டு. 29க்கு 2.4 டயர் என்றால் அகலம் 61 மி.மீ. வரும், இருபுறமும் ஆறு ஆறு மி.மீ. இடைவெளி விட்டால் 73. அந்த டயருக்கும் 32 பல் சக்கரத்துக்கும் நடுவில் செயின்ஸ்டே நுழையவேண்டும். இடமில்லை என்று பலர் அங்கே ஒரு கெட்டித் தகடு வைத்து அதன் பின்னால் குழாயைப் பற்றவைப்பார்கள். அந்தத் தகடு வளையாது. அப்படியானால் உங்கள் 425 மி.மீ.யில் வளையக்கூடிய நீளம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது, தகைவு ஏறிவிடுகிறது. சிலர் தகடு வைக்காமல் டயருக்கும் பல்சக்கரத்துக்கும் இடம் விடக் குழாயில் குழி போடுவார்கள், சாஃப்ட்-டெயிலில் அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், விரிசல் தொடங்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. 440க்குப் போங்கள். வண்டி சட்டென்று திரும்பவேண்டும் என்ற உங்கள் கவலைக்கு ரீச்சையும் (பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்முனை வரையான தூரம்) ஸ்டெம்மையும் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) வைத்துச் சரிசெய்ய வழி இருக்கிறது.

50 மி.மீ. வேண்டாம். சூத்திரத்தில் நகர்ந்த தூரம் நேராகப் பெருக்கலாக வருகிறது, 30ஐ 50 ஆக்கினால் தகைவும் அதே விகிதத்தில் ஏறும். அவ்வளவு டிராவல் உண்மையிலேயே தேவைப்படுகிற பாதை என்றால் பிவட் வைத்த வண்டிதான் சரி.

பில்டரிடம் இன்னொன்று கேட்டுப் பாருங்கள். செயின்ஸ்டே எந்த நிலையில் வளையாமல் நேராக இருக்கும்? நீங்கள் உட்காரும்போது ஷாக் ஏழெட்டு மி.மீ. இறங்கும். அந்த நிலையில் குழாய் நேராக இருக்கும்படி ஃபிரேமைப் பற்றவைத்தால், ஆள் இல்லாதபோது கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்திருக்கும், முழுதாக அடிக்கும்போது 30க்குப் பதில் 22 மி.மீ.தான் மேல்நோக்கி வளையும். எதுவும் செலவில்லாமல் தகைவில் நான்கில் ஒரு பங்கு குறைகிறது.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை. டைட்டானியம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொள்ளும், அப்படி உறிஞ்சிய வெல்ட் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் வெளியே மட்டும் ஆர்கான் போதாது, குழாய்க்குள்ளும் ஆர்கான் நிரப்பவேண்டும், குளிரும்வரை விலக்கக்கூடாது. நிறம் உண்மையைச் சொல்லிவிடும்: வெள்ளி நிறம் முதல் தரம், வெளிர் வைக்கோல் மஞ்சள் பரவாயில்லை, நீலமும் ஊதாவும் வந்தால் சந்தேகம், சாம்பல் நிறத்தில் மாவு படிந்தால் வெட்டி எறியவேண்டியதுதான். ஆனால் ஃபிரேம் உங்கள் கைக்கு வரும்போது மணித்துகள் அடித்து மெருகேற்றிவிடுவார்கள், வெளியே நிறம் எதுவும் தெரியாது. எனவே மெருகுக்கு முன் எடுத்த படம் கேளுங்கள். பி.பி. ஷெல்லுக்குள் டார்ச் அடித்து, செயின்ஸ்டே சேரும் இடத்தின் உட்புறத்தைப் பாருங்கள், அங்கே மெருகு போகாது. ஒழுங்காக வேலை செய்கிற எந்த பில்டரும் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.


பின்சக்கரம் எழுதியது:

தீப்பொறி அண்ணன் கணக்கெல்லாம் போட்டுவிட்டார், நான் ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என்னிடம் டைட்டானியம் சாஃப்ட்-டெயில் பல வருடமாக இருக்கிறது, எலாஸ்டோமரும் சின்ன ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்லைடர் வகை.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஓட்டும்போது "இதோ சஸ்பென்ஷன் வேலை செய்கிறது" என்று தெரியாது. வேர் மேல் ஏறும்போது சீட் உங்களைத் தூக்கி எறிவதற்குப் பதில் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். வித்தியாசம் உண்மையில் தெரிவது இரண்டு இடத்தில். ஒன்று, கல் நிறைந்த ஏற்றத்தில் உட்கார்ந்து மிதிக்கும்போது பின்சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும், ஹார்ட்டெயிலில் சறுக்கி நிற்கிற இடத்தில் இது ஏறிப் போய்விடும். இரண்டு, நீங்கள் சொன்ன அந்த மூன்று மணி நேரத்துக்கு அப்புறம். இறக்கத்தில் எழுந்து நின்று ஓட்டும்போது ஹார்ட்டெயில் மாதிரித்தான் இருக்கும், கால்தான் ஷாக். உங்கள் ஓட்டத்துக்கு இது கச்சிதம் என்றே நினைக்கிறேன்.

ஷாக் கேள்விக்கு வருகிறேன். சாதாரண ஏர் ஷாக் இரண்டு முனையும் சுழல விட்டு, நேராக அமுங்க மட்டும் செய்யப்பட்டது. சாஃப்ட்-டெயிலில் சீட்ஸ்டேயைச் சீட் டியூபோடு இணைப்பதே அந்த உறுப்புதான், திருப்பத்தில் பின்சக்கரம் பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு பங்கு விசை அங்கேயும் வரும். பக்கவாட்டு விசை வாங்குவதற்கென்று செய்யாத ஷாக்கைப் போட்டால் தண்டு தேயும், சீல் கசியும். ஸ்லைடர் வகையில் ஒரு தடித்த குழாய் இன்னொன்றுக்குள் நீளமாக நுழைந்து நகரும், அந்த நுழைவு எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆட்டம் குறையும். உள்ளே புஷ், சீல், கிரீஸ், ஸ்பிரிங், எலாஸ்டோமர், வேறொன்றும் இல்லை. கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டு மாட்ட அரை மணி நேரம் கூட ஆகாது. குளிரில் எலாஸ்டோமர் கொஞ்சம் இறுகும், அது ஒன்றுதான் குறை. டேம்பிங் கிடையாதே என்று சிலர் கேட்பார்கள், 30 மி.மீ.க்கு டயரும் எலாஸ்டோமரின் உராய்வும் போதும், துள்ளலாகத் தெரிந்ததே இல்லை.

பில்டரிடம் கட்டாயம் கேட்கவேண்டியது: அந்த ஸ்லைடரின் புஷ்ஷும் எலாஸ்டோமரும் பத்து வருடம் கழித்துக் கிடைக்குமா? அவரே கடைசல் செய்கிற பாகம் என்றால் அளவுகளை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் தெரிந்தால் எந்த லேத்திலும் புஷ் கடைந்துகொள்ளலாம். வாங்கும்போதே ஒன்றிரண்டு கடினத்தில் எலாஸ்டோமர் சேர்த்து வாங்குங்கள். உங்கள் எடைக்குச் சரியானது எது என்று ஓட்டிப் பார்த்துத்தான் தெரியும், உட்காரும்போது டிராவலில் நான்கில் ஒரு பங்கு இறங்கினால் சரி.

கழுவும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பி.பி. ஷெல்லும் செயின்ஸ்டேயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, விரல் நகத்தால் வெல்ட் ஓரத்தை வருடிப் பாருங்கள். மேற்பக்கம் எல்லோரும் பார்ப்பார்கள், அடிப்பக்கம்தான் சேறு மூடிக் கிடக்கும். சக்கரம் மேலே வரும்போது குழாயின் அடிப்பக்கம்தான் இழுபடுகிறது, விரிசல் வந்தால் அங்கேதான் முதலில் வரும்.


மேடுபள்ளம் எழுதியது:

ஜியாமெட்ரி பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் நான். ஹெட் ஆங்கிள் 67 என்று சொல்கிறீர்கள், எந்த நிலையில் 67? 120 மி.மீ. ஃபோர்க்கின் நீளம் ஆக்ஸிலிலிருந்து கிரவுன் வரை 520இலிருந்து 530 மி.மீ. வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எந்த ஃபோர்க் என்று முதலில் முடிவு செய்து அந்த அளவை பில்டருக்குக் கொடுங்கள். ஹார்ட்டெயிலில் நீங்கள் உட்கார்ந்தால் முன்பக்கம் மட்டும் இறங்கும், அதனால் ஹெட் ஆங்கிள் செங்குத்தாகும், சீட் ஆங்கிளும் கூடவே செங்குத்தாகும். சாஃப்ட்-டெயிலில் பின்னாலும் ஏழெட்டு மி.மீ. இறங்குவதால் அதில் ஒரு சின்னப் பங்கு திரும்பி வந்துவிடும், 1150 மி.மீ. வீல்பேஸில் அது மூன்றில் ஒரு டிகிரி மாதிரி. பெரிய விஷயமில்லை, ஆனால் உங்கள் ஹார்ட்டெயிலின் அளவை அப்படியே நகல் எடுக்கிறீர்கள் என்றால் சீட் ஆங்கிளை 75 ஆக்கிக்கொள்ளுங்கள், பி.பி.யையும் நாலைந்து மி.மீ. உயரமாக வைக்கச் சொல்லுங்கள். பி.பி.யும் இறங்கும் என்பதை மறந்துவிட்டால் பெடல் கல்லில் அடிக்கும்.

அப்புறம் சீட் டியூப் இடைவெளி. ஷாக் முழுதாக அடித்த நிலையில் டயர் சீட் டியூபைத் தொடுகிறதா என்று பில்டர் வரைந்து பார்த்திருக்கவேண்டும். 29க்கு 2.4 டயரின் ஆரம் 370 மி.மீ. பக்கம், பி.பி. மையத்துக்கும் டயர் விளிம்புக்கும் 425இல் 55தான் மிச்சம், 440இல் 70. சீட் டியூபின் தடிமனையும் சேற்றுக்கு விடும் இடத்தையும் கழித்தால் 425 ஏன் நெருக்கடி என்று தெரியும். இதற்காகவே 440க்குப் போகலாம்.

31.6 டிராப்பர் பற்றி. சீட்போஸ்டும் ஒரு ஸ்பிரிங்தான், 27.2 மி.மீ. டைட்டானியம் சீட்போஸ்ட் நன்றாகவே வளைந்து கொடுக்கும். 31.6 டிராப்பர் வளையவே வளையாது, அந்த சொகுசை இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். பெரிய டிராப் இல்லை என்கிறீர்கள், 27.2 அளவிலும் டிராப்பர் வருகிறது, டிராவல் கொஞ்சம் குறைவு. ஆனால் சீட் டியூபை 31.6 ஆக வைத்து, உள்ளே ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய குழல்) போட்டு 27.2 மாட்டிக்கொள்ளலாம். எதிர்காலத்தில் எது வேண்டுமானாலும் போடலாம் என்பதால் நான் அப்படித்தான் கேட்பேன்.

ஹெட் டியூப் 44 மி.மீ. வகையாக இருக்கட்டும், டேப்பர் ஃபோர்க் போட்டுக்கொள்ளலாம். பி.பி. மரை போட்டதாக இருக்கட்டும், அழுத்திப் பொருத்தும் வகை வேண்டவே வேண்டாம். பின் டிராப்அவுட் (சக்கர அச்சு மாட்டும் இடம்) ஸ்ராமின் யுடிஹெச் ஹேங்கர் (கியர் மாற்றியைத் தாங்கும் பொதுவான துண்டு) ஏற்கிற மாதிரி கேளுங்கள், பத்து வருடம் கழித்து ஹேங்கர் தேடி அலையவேண்டியிருக்காது.


கற்பாதை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒற்றைப்பல், டயர் ஏற்கனவே டியூப்லெஸ் 2.4தான், காற்றும் குறைவாகவே வைத்திருக்கிறேன், ரிம் இடிக்கும் எல்லையில்தான் ஓட்டுகிறேன், அதற்கு மேல் குறைக்க வழியில்லை.

செயின்ஸ்டே 440, உயரம் 14 மி.மீ. வரை நீளமாகத் தட்டையாக்கியது, 30 மி.மீ. ஸ்லைடர் என்று பில்டருக்கு எழுதிவிட்டேன். உட்காரும் நிலையில் குழாய் நேராக இருக்கவேண்டும் என்பதையும் கேட்டேன், அதைத்தான் வழக்கமாகச் செய்வதாகச் சொன்னார், மனது நிம்மதியானது. சீட் டியூப் 31.6, இப்போதைக்கு ஷிம் போட்டு 27.2.

புதிய வரைபடத்தில் இரண்டு சந்தேகம். பிரேக் காலிப்பர் செயின்ஸ்டே மேல் உட்காருகிறது, அதற்குப் பலம் கொடுக்க செயின்ஸ்டேக்கும் சீட்ஸ்டேக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் போட்டிருக்கிறார். ஹார்ட்டெயிலில் இப்படிப் பார்த்திருக்கிறேன், இங்கே சரியா? அப்புறம் பிரேக் ஹோஸ், கியர் கேபிள் இரண்டும் செயின்ஸ்டே மேற்பக்கமாகச் சின்னக் கொக்கிகளில் போகிறது. உள்ளே விட்டால் பார்க்க அழகாக இருக்குமே என்று தோன்றுகிறது. விடலாமா?


தீப்பொறி எழுதியது:

காலிப்பர் செயின்ஸ்டேயின் பின்கோடியில் இருப்பது சரி. வளைவின் தகைவு பி.பி. பக்கம்தான் அதிகம், ஆக்ஸிலை நோக்கிப் போகப் போகக் குறையும், எனவே கடைசிப் பகுதியில் எதையாவது பற்றவைத்தால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் குறுக்குக் குழாய் வேண்டாம். டிராப்அவுட், செயின்ஸ்டே, சீட்ஸ்டே மூன்றையும் அது ஒரு விறைத்த முக்கோணமாக்கிவிடும். சக்கரம் ஏறும்போது செயின்ஸ்டேக்கும் சீட்ஸ்டேக்கும் நடுவில் இருக்கும் கோணமும் ஒரு சிறிது மாறியாகவேண்டும், அந்த மாற்றத்தை இப்போது சீட்ஸ்டேயின் கீழ்நுனி வளைந்து வாங்கிக்கொள்கிறது. முக்கோணம் போட்டுப் பூட்டினால் செயின்ஸ்டே எளிமையாக வளையாமல் எஸ் வடிவில் வளையும், நான் போட்ட கணக்கெல்லாம் தப்பாகி தகைவு ஏறிவிடும். இதற்குப் பதில் காலிப்பர் மவுண்டும் டிராப்அவுட்டும் ஒரே கட்டியாகக் கடைந்த பாகம் கேளுங்கள், பாராகன் மெஷின் வொர்க்ஸ் மாதிரியான இடங்களில் டைட்டானியத்திலேயே கடைந்த டிராப்அவுட்டுகள் கிடைக்கின்றன, பில்டர்களுக்கு நன்கு பழக்கம். பிரேக் பிடிக்கும் விசை நேராக டிராப்அவுட்டுக்குப் போய்விடும், குறுக்குக் குழாய்க்கே அவசியம் இருக்காது. சீட்ஸ்டேயை ஒல்லியாக, 16 மி.மீ. அளவில் வைக்கச் சொல்லுங்கள்.

ஹோஸ் கொக்கி விஷயத்தில் கண்டிப்பாக மாற்றச் சொல்லுங்கள். குழாய் மேலும் கீழும் வளைகிறது, எனவே மேல் விளிம்பும் அடி விளிம்பும்தான் இழுபட்டு அமுங்குகின்றன. அங்கே ஒரு பொட்டு வெல்ட் வைத்தாலும் அது விரிசலுக்கு விதை. குழாயின் பக்கவாட்டில், சரியாக நடு உயரத்தில், வளைவின் தகைவு ஏறக்குறைய பூஜ்யம். கொக்கி வைப்பதென்றால் அந்தக் கோட்டில் வையுங்கள். உள்ளே விடுவதற்கும் இதே விதிதான், நுழையும் துளையும் வெளிவரும் துளையும் பக்கவாட்டு நடுக்கோட்டில், முட்டை வடிவில், ஓரம் வழவழப்பாக அரம் போட்டு, அதுவும் பி.பி. வெல்டிலிருந்து தள்ளி. என்னைக் கேட்டால் டவுன் டியூப் வரை உள்ளே விட்டு, செயின்ஸ்டேயில் வெளியே கொண்டுவந்து, இரண்டு இடத்தில் நைலான் கட்டுப்பட்டையால் கட்டிவிடுவேன். துளையும் வேண்டாம், வெல்டும் வேண்டாம். பட்டைக்கு அடியில் தெளிவான பாதுகாப்பு டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள், சேறு புகுந்தால் ஹோஸ் உரசி டைட்டானியத்தையே தேய்த்துவிடும்.

பி.பி. பக்கத்தில் ஹோஸ் டவுன் டியூபிலிருந்து வெளியே வந்து செயின்ஸ்டேக்குத் தாவுகிற இடத்தில் கொஞ்சம் தொய்வு விடவேண்டும். ஷாக்கைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் தூக்கி முழு டிராவலுக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அப்புறம் ஹோஸை வெட்டுங்கள்.